பிள்ளை வந்த வீட்டில் யாரைக் கவனிப்பது?

குழந்தை பிறந்த வீட்டில் எல்லோர் கண்ணும் தொட்டிலின் மேல்தான். வருகிறவர்கள் எடை கேட்பார்கள், நிறம் பார்ப்பார்கள், யார் சாயல் என்று வாதாடுவார்கள். பெற்றவளுக்குத் தையல் வலிக்கிறதா என்று கேட்பவர் ஓரிருவர்தான். சம்பாதிக்கிறவருக்கு நாளை ஏதாவது ஆகிவிட்டால் வீடு என்ன செய்யும் என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் அபசகுனம். ஆனால் முதல் ஆண்டில் பணமும் உடம்பும் தூக்கமும் கெட்டுப்போகிற வீடுகளைப் பார்த்தால், குழந்தையைத் தாங்கும் பெரியவர்களைக் கவனிக்காமல் விட்டதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.

முதலில் காகித வேலையை முடித்துவிடுங்கள். அதற்குக் கெடு உண்டு. பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. 30 நாளைத் தாண்டினால் அதிகாரியின் அனுமதி வேண்டும், ஒரு வருடம் தாண்டினால் நடுவர் வரை போக வேண்டியிருக்கும். மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் பதிவை மருத்துவமனையே அனுப்பிவிடும் என்றாலும் விவரங்களைச் சரிபார்ப்பது உங்கள் வேலை. அப்பா, அம்மா பெயர்கள் ஆதாரில் இருக்கிறபடியே இருக்கின்றனவா, இனிஷியல் எந்தப் பக்கம் நிற்கிறது என்று எழுத்தெண்ணிப் பாருங்கள். இனிஷியலில் நேர்ந்த குழப்பம் பள்ளிக்கூடம், பாஸ்போர்ட் என்று பிள்ளையின் பின்னாலேயே நடந்து வரும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் பிறந்த தேதிச் சான்று இந்த ஒரு காகிதம்தான். பெயர் இன்னும் முடிவாகவில்லையே என்று பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். பெயரில்லாமலே பதியலாம், ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். சோதிடர் எழுத்துச் சொல்லும்வரை காத்திருக்கும் வீடுகளுக்கு அந்த ஓராண்டு தாராளம். சான்றிதழ் வந்துவிட்டால் ரேஷன் கார்டு, ஆதார் இரண்டும் எளிது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கைரேகை, கருவிழிப் பதிவு கிடையாது.

அடுத்தது மருத்துவக் காப்பீடு. தனியாக எடுத்த குடும்ப பாலிசி பலவற்றில் குழந்தையை 90 நாள் ஆன பிறகே சேர்ப்பார்கள். பிரசவச் செலவையும் சேர்த்துத் தரும் பாலிசியாக இருந்தால் முதல் நாளிலிருந்தே குழந்தைக்கும் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். அலுவலகக் குழுக் காப்பீடு இருப்பவர்கள் பிரசவம் ஆன வாரமே ஹெச்.ஆருக்கு எழுதிவிட வேண்டும். இத்தனை நாளுக்குள் சொல்லாவிட்டால் அடுத்த புதுப்பிப்பு வரை குழந்தை வெளியேதான் என்று வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் சில நாள் இருந்த குழந்தையின் வீட்டில் கேட்டால், இந்த ஒரு மின்னஞ்சலின் விலை தெரியும்.

இந்தச் சமயத்தில்தான் தெரிந்த ஏஜென்ட் ஒருவர் இனிப்போடு வருவார். குழந்தையின் பெயரில் பாலிசி, பதினெட்டு வயதில் இவ்வளவு, கல்யாணத்துக்கு இவ்வளவு என்று அட்டவணையை விரிப்பார். என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன், அது வேண்டாம். காப்பீடு என்பது வருமானம் நின்றுபோனால் அதை ஈடுகட்டுவது. குழந்தைக்கு வருமானம் இல்லை, உங்களுக்கு இருக்கிறது. ஆகவே பாலிசி உங்கள் உயிரின் மேல் இருக்கட்டும், அதுவும் வெறும் டெர்ம் பாலிசியாக. ஆண்டு வருமானத்தைப்போல் பத்து முதல் பதினைந்து மடங்கு என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. மாதம் 40,000 ரூபாய் வாங்குகிறவருக்கு 50 முதல் 70 லட்சம் வரை வரும். முப்பது வயதில், புகைப்பழக்கம் இல்லாதவருக்கு இதன் பிரீமியம் மாதச் செலவில் பெரிதாகத் தெரியாது. கட்டிய பணம் திரும்ப வராதே என்பார்கள். வராமலிருப்பதுதான் நல்லது, வந்தால் நீங்கள் இருக்க மாட்டீர்கள்! தாயும் சம்பாதிக்கிறார் என்றால் அவருக்கும் தனியாக ஒன்று வேண்டும்.

அதே கையோடு நாமினிகளைப் பாருங்கள். வேலையில் சேர்ந்த புதிதில் பி.எஃப். படிவத்தில் அம்மா பெயரை எழுதியவர்கள் ஏராளம். பி.எஃப். விதிப்படி கல்யாணம் ஆனதுமே அந்தப் பழைய நியமனம் செல்லாமல் போய்விடும், புதிதாகப் பதிய வேண்டும். இணையத்தில் அரை மணி வேலை. குழந்தையை நாமினியாகப் போடலாம், ஆனால் அது மைனர். பணத்தைப் பெற்றுப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் பெயரும் கூடவே இருக்க வேண்டும்.

இனி கைச்செலவு. முதல் ஆண்டில் வீட்டை இழுப்பது பாலும் துணியும் அல்ல, விசேஷங்கள். பெயர் சூட்டு விழா, மொட்டை, காதுகுத்து என்று வரிசையாக நிற்கும். மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, தாய்மாமன் சீர் வரிசையாக வந்து இறங்கும் காதுகுத்து சில ஊர்களில் சிறு கல்யாணம்தான். மொய் வந்துவிடும் என்று கணக்குப் போட்டு நகையை அடகு வைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: மொய் வருமானம் ஆகாது. நோட்டில் எழுதிய ஒவ்வொரு வரியும் நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டிய கடன், அதுவும் சற்றுக் கூட்டி. விழாவை நிறுத்தச் சொல்லவில்லை. மூன்று மாத வீட்டுச் செலவுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, பிறகு மண்டபம் தேடுங்கள்.

டயாப்பர் ஒன்று பத்து ரூபாய் என்று வைத்தாலும், நாளைக்கு ஆறு என்றால் மாதம் 1,800. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்த துணி பகலுக்கு, டயாப்பர் இரவுக்கும் பயணத்துக்கும் என்று பிரித்துக்கொண்டால் செலவு பாதியாகும், புண்ணும் குறையும். ஆனால் அந்தத் துணிகளைத் துவைப்பது யார் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். தையல் ஆறாத பெண்ணின் முதுகில் ஏறும் சிக்கனம் சிக்கனமல்ல.

சேமிப்பு இதற்கெல்லாம் பிறகுதான். பெண் குழந்தை என்றால் அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு நல்ல தேர்வு. பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகம் ஒன்றரை லட்சம். பதினைந்து ஆண்டு கட்டினால் போதும், தொடங்கிய நாளிலிருந்து 21 ஆண்டில் முதிரும். பதினெட்டு வயதிலோ பத்தாம் வகுப்பு முடிந்தோ படிப்புக்காகப் பாதிவரை எடுக்கலாம். அவசரத்துக்குக் கை வைக்க முடியாத பணம் அது, அதனால்தான் வரிசையில் கடைசி. வசதி குறைந்த குடும்பங்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய். கர்ப்பத்தின்போதே நர்சம்மாவிடம் பதிந்திருக்க வேண்டும். குழந்தைக்குத் தடுப்பூசி தவறினால் பிந்திய தவணையும் தவறும்.

உடம்புக்கு வருவோம். பெற்றவளின் உடம்புதான் முதலில். பத்தியம் என்ற பெயரில் நடப்பதில் பாதி நல்லது, பாதி தீங்கு. பூண்டுக் குழம்பு, கருவாடு, சுறாப் புட்டு, பிரசவ லேகியம் எல்லாம் இருக்கட்டும். ஆனால் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று தாய்க்குத் தண்ணீரைக் குறைப்பதும், காய்கறி, பழங்களை விலக்குவதும் வெறும் தண்டனை. பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுக்கும், குடிக்கத்தான் வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை பிரசவத்தோடு முடிவதில்லை, அதற்குப் பிறகும் ஆறு மாதம் உண்டு. காப்பி, டீயோடு விழுங்கினால் சத்து சேராது. கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் குழந்தை பிறந்ததும் அதை மறந்துவிடுகிறார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி ஒரு சர்க்கரைப் பரிசோதனை கட்டாயம்.

ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைகிற அளவு இரத்தப்போக்கு, காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், கண் மங்குகிற கடும் தலைவலி, வலிப்பு: இவற்றில் எது வந்தாலும் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். பிரசவம் ஆகிவிட்டதால் ஆபத்து முடிந்தது என்பது சரியல்ல. இரத்தக் கொதிப்பும் வலிப்பும் வீடு திரும்பிய பிறகும் வரும்.

மனசும் உடம்பில் சேர்த்திதான். பிறந்த மூன்றாம் நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், இரண்டு வாரத்துக்குள் அடங்கும். அதற்கு மேலும் நீண்டால், குழந்தை தூங்கும்போதும் இவளுக்குத் தூக்கம் வராவிட்டால், எதிலும் ஒட்டாமல் இருந்தால், அது மனச்சோர்வு நோய். மருந்தும் பேச்சும் குணப்படுத்தும். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுவது, யாரோ சொல்வது காதில் கேட்கிறது என்பது, குழந்தையையே சந்தேகமாகப் பார்ப்பது இருந்தால் மந்திரிக்க அலையாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும்.

குழந்தைக்கு ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். சேனை வைப்பதும் தேன் தடவுவதும் வேண்டவே வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்னும் நச்சு நோய் வரக்கூடும். பால் போதுமா என்ற கவலைக்கு அழுகையை அளவாக வைக்காதீர்கள், நனைந்த துணிகளை எண்ணுங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போனால் பால் போதுமானது. முதல் வாரத்தில் எடை சற்றுக் குறைந்து இரண்டாம் வாரத்தில் மீளும். அந்த இடைவெளியில்தான் பால்பவுடர் டின் வீட்டுக்குள் நுழைகிறது.

தடுப்பூசிக்குப் பிறந்தவுடன், ஆறு, பத்து, பதினான்கு வாரம், ஒன்பது மாதம், ஒன்றரை வயது என்று நினைவில் வையுங்கள். அரசு நிலையங்களில் புதன்கிழமை இலவசம். தனியாரில் ஆயிரக்கணக்கில் போகும் 'வலியில்லா ஊசி'யில் காய்ச்சலும் வீக்கமும் குறைவு. அதனால் இலவச ஊசி மட்டமானது என்று அர்த்தமில்லை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கும்போது ஒரு கவனம்: சொட்டு மருந்து ஒரு மில்லியில் 100 மி.கி., வழக்கமான சிரப் 25 மி.கி. சிரப்புக்குச் சொன்ன அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் நான்கு மடங்கு போய்விடும். எடைக்கேற்ற அளவை ஊசி போட்ட இடத்திலேயே எழுதி வாங்குங்கள். ஊசி போடாத நாளில் மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், காய்ச்சல் அடித்தால் வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. பால் குடிக்க மறுத்தாலும், நிமிடத்துக்கு அறுபதுக்கு மேல் மூச்சு ஓடினாலும், மஞ்சள் நிறம் உள்ளங்கால்வரை இறங்கினாலும் அப்படியே. இளவெயிலில் காட்டினால் காமாலை போய்விடும் என்று காத்திருக்கக் கூடாது.

நாள் ஒழுங்கு என்பது பச்சைக்குழந்தைக்குக் கிடையாது. நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால், பதினாறு மணி நேரம் துண்டு துண்டாகத் தூக்கம். கடிகாரத்துக்குக் கட்டுப்பட இரண்டு மூன்று மாதமாவது ஆகும். அதுவரை ஒழுங்கு வேண்டியது பெரியவர்களின் தூக்கத்துக்கு. நம் ஊரில் முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பதால், முதல் சில மாதம் பாட்டி தாங்கிவிடுகிறாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துக் கணவன் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார்கள். உண்மையான சோதனை அன்றிரவு ஆரம்பம். சனி ஞாயிறில் வந்து கொஞ்சிவிட்டுப் போன அப்பாவுக்கு ஏப்பம் விடவைக்கத் தெரியாது, தலைக்கு ஊற்றத் தெரியாது, எந்த அழுகை பசி என்று பிடிபடாது. ஆகவே தாய்வீட்டில் இருக்கும்போதே அவர் ஒரு வாரமாவது விடுப்புப் போட்டுத் தங்கிக் கற்றுக்கொள்வது நல்லது. மாமனார் வீட்டில் அத்தனை நாளா என்ற கூச்சத்தை மூட்டை கட்டிவிடலாம்.

திரும்பிய பின் இரவை இரண்டாக வெட்டுங்கள். பத்து முதல் இரண்டு வரை ஒருவர் பொறுப்பு, அதன் பிறகு மற்றவர். பால் கொடுக்க மட்டும் தாயை எழுப்பி, துணி மாற்றுவதும் தோளில் போட்டுத் தட்டுவதும் அப்பா பார்த்துக்கொண்டால் அவளுக்குச் சற்றுக் கூடுதலாகத் தூக்கம் கிடைக்கும். எங்கே தூங்கினாலும் குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள், பக்கத்தில் தலையணையோ கனத்த போர்வையோ வேண்டாம். மாமியார் வீட்டில் இருந்தால் சமையலை அவரிடம் கேளுங்கள், குழந்தையை இவள் வைத்துக்கொள்ளட்டும். பல வீடுகளில் இது தலைகீழாக நடந்து, பெற்றவள் அடுப்படியில் நிற்கிறாள்.

வேலைக்குப் போகிறவளுக்குச் சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, தமிழக அரசு ஊழியர்களுக்கு ஓராண்டு. திரும்பிப் போன பிறகும் குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளைக்கு இரண்டு இடைவேளை உண்டு. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும். போவதற்கு இரண்டு வாரம் முன்பே பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாலாடையிலோ கிண்ணத்திலோ வேறொருவர் ஊட்டிப் பழக்குங்கள். எடுத்த பால் வெளியே நான்கு மணி நேரம் தாங்கும், நம் கோடையில் அதற்கும் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. ஃபிரிட்ஜின் உள்தட்டில் வைத்தால் நான்கு நாள், கதவில் வைக்கக் கூடாது. கொடுக்கும்போது அடுப்பில் காய்ச்சாமல் பாத்திரத்தோடு வெந்நீரில் சற்று நேரம் வைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துக்கொண்டால் போதும்.