நெற்களஞ்சியத்தில் வந்த அரிசிப் பஞ்சம்: உணவுப் பாதுகாப்புப் பாடத்துக்கு ஓர் உள்ளூர் வரலாறு

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலின் பொருளியல் பகுதியில் உணவுப் பாதுகாப்பு பற்றிய பாடம் இருக்கிறது. தேர்வுக்கு எளிய பாடம்தான். வரையறை, பசுமைப் புரட்சி, பொது விநியோகத் திட்டம் என்று சில பாடவேளைகளில் முடித்துவிடலாம். ஆனால் இறக்குமதி, ஏற்றுமதித் தடை போன்ற சொற்கள் மாணவர் மனதில் ஒட்டுவதில்லை. அரிசி ரேஷன் கடையிலிருந்து வருகிறது. அதற்கு முன் எங்கிருந்தது என்ற கேள்வியே அவர்களுக்கு எழுவதில்லை. நாகர்கோவில் பகுதியில் பணிபுரியும் நான் சில ஆண்டுகளாக இந்தப் பாடத்தை எங்கள் மாவட்டத்தின் பழைய வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன்.

1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணையும் வரை கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகள் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் அடங்கிய நாஞ்சில் நாடுதான் அந்த சமஸ்தானத்தின் நெற்களஞ்சியம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். 1906இல் பேச்சிப்பாறை அணை வந்தபின் பாசனம் இன்னும் உறுதியானது. வசதியான வீடுகளில் நெல் கொட்டிவைக்கப் பத்தாயம் இருக்கும். இதைச் சொன்னதும், "அப்போ அங்கே யாரும் பட்டினி கிடந்திருக்க மாட்டாங்க, சார்" என்று யாராவது ஒரு மாணவர் சொல்லிவிடுவார். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் ஒரு மூலை மட்டுமே. மற்ற பகுதிகளில் தென்னையும் மிளகும், மலைகளில் தேயிலையும், பின்னர் ரப்பரும் பரவின. 1865இல் பிரிட்டிஷ் இந்தியா, கொச்சி, திருவிதாங்கூர் ஆகியவற்றுக்கிடையே ஏற்பட்ட வணிக ஒப்பந்தம் சுங்கத் தடைகளைப் பெருமளவு நீக்கியது. கொப்பரை, கயிறு, மிளகு, தேயிலை வெளியே போயின; பர்மாவிலிருந்து மலிவான அரிசி கப்பலில் வந்தது. இது முட்டாள்தனமான ஏற்பாடு அல்ல. தென்னை நன்றாக விளையும் மண்ணில் தென்னையை வைத்து, அந்தப் பணத்தில் அரிசி வாங்கினால் லாபம் என்பது சரியான கணக்குதான். இந்தப் படியைத் தாண்டிவிட்டுப் பஞ்சத்துக்குப் போனால், வணிகமே கெட்டது என்று மாணவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள்.

1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. பர்மா அரிசி நின்றது. தேவையில் பெரும்பங்கை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த திருவிதாங்கூரில் விலை ஏறியது. நாஞ்சில் நாட்டு நெல் முழு சமஸ்தானத்துக்கும் போதவில்லை. அரசு நெல் கொள்முதலும் ரேஷன் முறையும் கொண்டுவந்தது. 1880களில் விசாகம் திருநாள் மன்னர் ஊக்குவித்துப் பரப்பிய மரச்சீனிக் கிழங்கு பல ஏழை வீடுகளில் சோற்றின் இடத்தைப் பிடித்தது. இன்றும் எங்கள் ஊரில் மரச்சீனியும் மீன்குழம்பும் விருப்பமான உணவு. அதற்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு இருப்பது பிள்ளைகளுக்கு வியப்பாக இருக்கும்.

மிகக் கடுமையாக அடிபட்ட பகுதிகளில் ஒன்று சேர்த்தலை வட்டாரம். அங்கே பலருக்குக் கயிற்றுத் தொழில்தான் பிழைப்பு. அரிசி வரத்து குறைந்த அதே காலத்தில் போரால் கயிறு ஏற்றுமதியும் சரிந்தது. சோறும் இல்லை, அதை வாங்கக் கூலியும் இல்லை. சந்தையில் உணவு இருப்பது ஒன்று, அதை வாங்கக் கையில் காசு இருப்பது வேறு என்பதை இந்த இடத்தில் விளக்கலாம். அதே 1943இல் வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் இறந்ததை ஆராய்ந்த அமர்த்தியா சென்னும், 1981இல் வெளிவந்த நூலில், வாங்கும் திறன் இழந்தவர்களே பலியானார்கள் என்று காட்டினார்.

இனி நிகழ்காலம். 2023 ஜூலை 20 அன்று இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. 2024 செப்டம்பரில்தான் தடை விலகியது. உலக அரிசி வணிகத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு இந்தியாவுடையது. நம் நாட்டு விலையைக் கட்டுப்படுத்த எடுத்த முடிவு, நம் அரிசியை நம்பியிருந்த ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளில் விலையை ஏற்றியது. 1942இல் நாம் கப்பலுக்குக் காத்திருந்தோம். இம்முறை கப்பலை நிறுத்தியது நாம்.

தடை சரியா என்று வகுப்பில் கேட்டேன். கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் சரி என்றார்கள். வயல் உள்ள வீட்டு மாணவி ஒருத்தி, "விலை ஏறும்போது மட்டும் தடை போடுறாங்க. விலை இறங்கும்போது எங்கப்பாவுக்கு யார் என்ன செய்யுறாங்க?" என்று கேட்டாள். தீர்ப்புச் சொல்லாமல் விட்டேன். அவள் கேள்விக்கான நியாயத்தைக் கண்ணெதிரே பார்க்கலாம்: நாஞ்சில் நாட்டின் பல ஏலாக்கள் வாழைக்கும் தென்னைக்கும் மாறிவிட்டன; சாலையோர வயல்கள் மனைகளாகிவிட்டன. நெல் கட்டுப்படியாகாத விவசாயியை வெறுமனே குறை சொல்லி என்ன பயன்?

அதைப் புரியவைக்க ஒரு கணக்குப் போடுகிறேன். 2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2369 ரூபாய். அரசுக் கணக்குப்படி 100 கிலோ நெல்லில் 68 கிலோ புழுங்கல் அரிசி கிடைக்கும். அப்படியானால் ஒரு கிலோ அரிசியின் நெல் விலை மட்டும் ஏறத்தாழ 35 ரூபாய். அரைவைக் கூலி, சாக்கு, லாரி வாடகை எல்லாம் தனி. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அந்த 35 ரூபாயை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டால் வரி, மானியம், வரவு செலவுத் திட்டம் என்று அடுத்த பாடத்தையும் தொட்டுவிடலாம்.

வீட்டுப்பாடமாக, வீட்டில் வாங்கும் அரிசி மூட்டையின் மேல் அச்சிட்டுள்ள ஆலையின் ஊரை எழுதிவரச் சொல்கிறேன். வடசேரி, கோட்டாறு பக்கம் கடைக்குப் போகிறவர்கள் கடைக்காரரிடம் மூன்று ரகங்களின் விலையையும் கேட்டு வரலாம். வந்த ஊர்களை இந்திய வரைபடத்தில் குறிக்க ஒரு பாடவேளை போதும். மூட்டை வாங்காத, ரேஷன் அரிசி மட்டும் சமைக்கும் வீட்டுப் பிள்ளைகள் தயங்குவார்கள்; அவர்களுக்கு ரேஷன் கடைப் பலகையில் உள்ள இருப்பு விவரத்தை எழுதிவரும் வேலையைக் கொடுங்கள்.