வக்கீல் ஆகாமல் சட்டம் படிக்கலாமா?



வேலைக்குப் போய்க்கொண்டே சட்டத்தில் முதுகலைப் பட்டம் வாங்கலாம் என்ற விளம்பரங்கள் இப்போது நம் பிள்ளைகளின் கைப்பேசிகளில் அடிக்கடி வருகின்றன. பி.காம்., பி.எஸ்ஸி., பி.இ. என எந்தப் பட்டம் இருந்தாலும் போதும், வீட்டிலிருந்தே படிக்கலாம் என்கிறார்கள். இதைப் பார்த்த பெற்றோர்கள் கேட்கும் முதல் கேள்வி, "முடித்தால் கோர்ட்டில் வாதாடலாமா?" என்பதுதான்.

முடியாது. பணம் கட்டிய பிறகு இது தெரிய வந்தால் பயனில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி, பார் கவுன்சில் ஏற்கும் இளநிலைச் சட்டப் பட்டம் பெற்றவர்தான் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியும். அதாவது பிளஸ் டூவுக்குப் பின் ஐந்து வருடப் படிப்பு, அல்லது ஒரு பட்டத்துக்குப் பின் மூன்று வருட எல்.எல்.பி. இரண்டுமே கல்லூரிக்கு நேரில் போய்ப் படிக்க வேண்டியவை. அஞ்சல் வழி எல்.எல்.பி.யைப் பார் கவுன்சில் ஏற்பதில்லை. பதிவு செய்யாமல் நீதிமன்றத்தில் வக்கீல் தொழில் செய்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. வாதாடுவது மட்டும்தான் வக்கீல் தொழில் என்றும் நினைத்துவிட வேண்டாம். சட்டக் கருத்து சொல்வதும் பத்திரம் தயாரிப்பதும் அதில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. ஆகவே முதுகலைப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாசலில் 'சட்ட ஆலோசகர்' என்று போர்டு மாட்டவும் இடமில்லை.

சரி, பிறகு எதற்கு இந்தப் படிப்பு?

வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளை எடுத்துக்கொள்வோம். 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் ஐந்து மாவட்டங்களின் தோல் பதனிடும் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விழுந்தது. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதிப்படுத்திய தீர்ப்புகளில் அதுவும் ஒன்று. அந்தத் தொழிலில் இன்று மேலாளராக இருப்பவருக்குத் தோலைப் பற்றி எல்லாம் தெரியும். ஆனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தால் அதில் எந்தப் பிரிவு இருக்கிறது, எத்தனை நாளில் பதில் தர வேண்டும், மேல்முறையீடு எங்கே செய்வது என்பதற்கு வக்கீல் வீட்டு வாசலில் நிற்கிறார். வக்கீல் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லவும் தெரிவதில்லை. இந்த இடைவெளியை நிரப்புபவர்தான் சட்டம் படித்த, ஆனால் வக்கீல் அல்லாத பணியாளர்.

மனிதவளப் பிரிவில் இருப்பவருக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாக மாறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. பழையதை மனப்பாடமாக வைத்திருந்தவர்களும் மறுபடி படிக்கத்தான் வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பெண்களின் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் குழுவுக்குப் பணியாளர்களிலிருந்து உறுப்பினர்களை எடுக்கும்போது, பெண்கள் நலனில் அக்கறை, சமூகப் பணி அனுபவம், சட்ட அறிவு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது. பள்ளியிலும் மருத்துவமனையிலும் ஐ.டி. கம்பெனியிலும் வேலை பார்க்கும் நம் சகோதரிகள் இதைக் கவனிக்கலாம். வங்கி, காப்பீடு, ஏற்றுமதி, மருந்து ஆகிய துறைகளிலும் சட்ட விதிகள் சரியாகப் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்ப்பதற்கென்றே தனிப் பணியிடங்கள் இருக்கின்றன.

எங்கே படிப்பது? இங்கேதான் பெயர்க் குழப்பம். எல்.எல்.எம். என்பது இந்தியாவில் எல்.எல்.பி. முடித்தவர்களுக்கானது. மற்றவர்களுக்குரிய பட்டங்கள் வேறு பெயரில் வரும். பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியின் 'மாஸ்டர் ஆஃப் பிசினஸ் லாஸ்' இரண்டு வருடப் படிப்பு. எந்தப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். ஹைதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகம் தொலைநிலையில் விமானப் போக்குவரத்துச் சட்டம், கடல்சார் சட்டம் போன்றவற்றில் எம்.ஏ. நடத்தி வந்திருக்கிறது. கப்பலிலும் துறைமுகத்திலும் வேலை செய்யும் நம் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இரண்டாவது பொருத்தமாக இருக்கும்.

அமெரிக்காவில் இதே வகைப் பட்டத்துக்கு 'மாஸ்டர் ஆஃப் லீகல் ஸ்டடீஸ்' என்று பெயர். அங்கும் வக்கீலாவதற்கான ஜே.டி. பட்டம் வேறு, இது வேறு. இங்கிலாந்தில் பல பல்கலைக்கழகங்கள் வேறு பாடம் படித்தவரையும் எல்.எல்.எம்.மில் சேர்த்துக்கொள்கின்றன. அந்தப் பெயரை நம்பி, ஊருக்குத் திரும்பி வக்கீல் ஆகிவிடலாம் என்று லட்சக்கணக்கில் செலவழித்துவிடக் கூடாது.

கட்டணம் பற்றியும் மனம்விட்டுப் பேச வேண்டும். வட்டிக் கடன் வாங்கிப் படிக்க வேண்டிய படிப்பு இதுவல்ல என்பது எங்கள் கருத்து. படிப்பவர் ஏற்கெனவே சம்பளம் வாங்குபவர். அவசரம் ஏதுமில்லை, ஒரு வருடம் சேர்த்து வைத்துக்கொண்டு அடுத்த வருடம் சேரலாம். சில நிறுவனங்கள் பணியாளரின் படிப்புச் செலவில் ஒரு பகுதியை ஏற்கின்றன. கேட்பதற்குக் கூச்சப்பட்டே பலர் அதை இழக்கிறார்கள். முதுகலை பெரிதாகத் தோன்றினால் ஒரு வருட முதுகலை டிப்ளமாவில் தொடங்கலாம். நுகர்வோர் சட்டம், சைபர் சட்டம், சுற்றுச்சூழல் சட்டம் என்று ஒரே துறையில் நின்று படிக்கும் டிப்ளமாக்கள் உண்டு. வேலைக்கு நேரடியாகப் பயன்படுவது பல சமயம் அதுதான்.

படிப்பு ஆங்கிலத்தில் இருக்கும். சட்ட ஆங்கிலம் தனி ரகம், ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடும். பயப்படுபவர்கள் சேருவதற்கு முன்பே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மத்திய அரசின் 'இந்தியா கோட்' இணையதளத்தில் சட்டங்கள் முழுதாக, இலவசமாகக் கிடைக்கின்றன. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தை எடுத்து, இரவு இஷாவுக்குப் பின் அரை மணி நேரம் வீதம் ஒரு மாதம் படியுங்கள். பிடித்திருந்தால் மேலே போகலாம். இரண்டாம் வாரமே புத்தகத்தை மூடிவிட்டால் பணமாவது மிச்சம். வீட்டில் கைக்குழந்தை இருக்கும் சகோதரிகளும் ஷிஃப்ட் வேலைக்காரர்களும் இந்த ஒரு மாதத்தில் தங்களுக்கு உண்மையில் எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதையும் கண்டுகொள்வார்கள்.

சேர முடிவெடுத்தால், விளம்பரத்தை நம்பாமல் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலைப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் அதே படிப்பு, சேரும் அதே ஆண்டுக்கு அனுமதி பெற்றிருக்க வேண்டும். தொலைநிலையில் சட்டப் படிப்புகளுக்குக் கட்டுப்பாடுகள் இருப்பதால் இதை ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பார்ப்பது அவசியம். இடைத்தரகர் மூலம் கட்டணம் கட்டாதீர்கள். பல்கலைக்கழகத்தின் கணக்கில் நேரடியாகக் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் இதைத் தேடிப் பார்க்கத் தெரியாதவர்கள் விளம்பரத்தையோ விண்ணப்பத்தையோ எடுத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வரலாம். பணம் கட்டுவதற்கு முன்பு வாருங்கள்.