ஹேர்வூட் ஏக்கர்ஸ்: வேலிக்கு அப்பால் ஒரு பந்தயத்திடல்

ஹமில்ரன் நகரைக் கடந்து ஈரி ஏரியை நோக்கித் தெற்கே செல்வோர் வழியில் ஜார்விஸ் என்னும் சிற்றூரைக் காண்பர். அதற்கப்பால், நான்ரிகோக்கில், இம்பீரியல் ஒயில் நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நிற்கிறது. கம்பி வேலிக்குப் பின்னே தாங்கிகளும் குழாய்களும் புகைபோக்கிகளுமே கண்ணிற் படும். 1956 தொடக்கம் 1970 வரை ரொறன்ரோ நகரத்தின் மோட்டார் பந்தய ஆர்வலர்கள் கோடை வார இறுதிகளிற் கூட்டங்கூட்டமாக வந்து திரண்ட இடம் இதுவென்று சொன்னால் இன்று நம்புவோர் சிலரே. ஹேர்வூட் ஏக்கர்ஸ் என்பது அதன் பெயர்.

கார்ப் பந்தயம் வசதி படைத்தோரின் விளையாட்டு, அதற்கும் பனிக்காலக் கூலி வேலையோடு மல்லாடும் நமக்கும் என்ன உறவு எனச் சில வாசகர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் இத்திடலின் கதை பந்தயத்திலிருந்து தொடங்கவில்லை. ஒரு போரிலிருந்து தொடங்குகிறது.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, எதிரி விமானங்கள் எட்டாத தூரத்திலிருந்த கனடாவில் விமானிகளைப் பயிற்றுவிப்பதென்று பிரித்தானியாவும் அதன் பொதுநலவாயப் பங்காளிகளும் 1939 டிசெம்பரில் உடன்படிக்கை செய்தன. அத்திட்டத்தின்கீழ் 131,000 பேருக்கு மேற்பட்ட வான்படையினர் பயிற்சி பெற்று வெளியேறினர். தானியம் விளைந்த வெளிகளில் விமானத் தளங்கள் முளைத்தன. அவற்றுள் ஒன்றே 1940 இல் ஜார்விஸில் திறக்கப்பட்ட முதலாம் இலக்கக் குண்டுவீச்சு, துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி. ஈரி ஏரியின் மேலே பறந்து இலக்குகளைச் சுட்டுப் பழகிய இளைஞர்கள் இங்கிருந்தே ஐரோப்பியப் போர்க்களத்துக்குப் புறப்பட்டனர். 1945 இல் பள்ளி மூடப்பட்டது. எஞ்சியவை ஓடுபாதைகளும் வெறும் கொட்டகைகளுமே.

போர் முடிந்த உலகில் இத்தகைய தளங்கள் எங்கும் கேட்பாரற்றுக் கிடந்தன. பந்தயக்காரருக்கோ அவை தேடாமற் கிடைத்த புதையல். அகன்று, சமமாக, கெட்டியாக இடப்பட்ட தளம், நீண்ட நேர்ப்பாதை, வளைவுகளுக்கு விமானங்கள் ஊர்ந்து செல்லும் பக்கப் பாதைகள். அங்குமிங்கும் வைக்கோற் கட்டுகளை அடுக்கினாற் போதும், பந்தயத்திடல் தயார். இங்கிலாந்தின் புகழ்பெற்ற சில்வர்ஸ்ரோனும் அவ்வாறு ஒரு குண்டுவீச்சு விமானத் தளத்திலிருந்தே 1948 இல் உருவாயிற்று. எனினும் இத்தகைய திடல்களுக்கு இரு குறைகள் உண்டு. தரை தட்டையாதலால் பார்வையாளருக்குத் தொலைவில் நடப்பது தெரியாது. வெடிப்புகளில் இறங்கும் நீர் கனேடியக் குளிரில் உறைந்து விரிவதால், ஆண்டுக்காண்டு தளம் பெயரும்.

1928 இல் ரொறன்ரோவில் மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் தொடங்கிய பிரித்தானிய சாம்ராச்சிய மோட்டார்க் கழகத்தவரும் ஐம்பதுகளில் இப்படிக் கைவிடப்பட்ட தளங்களிலேயே கார்களை ஓட்டினர். இரவல் நிலத்தில் எத்தனை காலம் ஓடுவது? சொந்தமாக ஒரு திடல் வேண்டுமென்று நினைத்து, ரொறன்ரோவுக்குக் கிழக்கேயுள்ள குன்றுகளில் நிலம் வாங்கினர். 1961 இல் திறக்கப்பட்ட மோஸ்போட் அவ்வாறு பிறந்ததே. அவ்வாண்டே ஸ்ரேலிங் மொஸ் அங்கு வென்றார். ஒரு வளைவு இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1967 இல் கனடாவின் முதலாவது ‘போர்மியூலா வண்’ பந்தயமும் அங்கேதான் நடந்தது. ஜாக் பிரபாம் முதலாவதாக வந்தார். 1978 இல் அப்பந்தயம் மொன்றியலுக்குப் பெயர்ந்தது. மோஸ்போட் 2012 இல் வேறு பெயர் பூண்டதாயினும் இன்றும் இயங்குகிறது.

ஹேர்வூட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1970 உடன் பந்தயங்கள் ஓய்ந்தன. ரெக்சாக்கோ நிறுவனம் அங்கு ஆலை எழுப்பிற்று. 1978 இல் அது இயங்கத் தொடங்கியது. 1989 இல் இம்பீரியல் ஒயிலின் கைக்கு மாறியது. இதற்காக எவரையும் குற்றஞ்சொல்ல முடியாது. நிலம் விற்கப்பட்டது, ஆலை வேலை கொடுத்தது. ஆனால் கனடா இளைய நாடு. ஐம்பதாண்டுப் பழமையைப் பழமையென ஏற்க அது தயங்குகிறதென்பதே என் எண்ணம்.

இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1907 இல் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட உலகின் முதல் மோட்டார்த் திடல் அது. 1939 இல் போர் வந்து பந்தயத்தை நிறுத்தியது. விமானத் தொழிற்சாலை இடத்தை விழுங்கியது. ஆயினும் சரிந்தெழும் அதன் கொங்கிறீற் வளைவுகளில் ஒரு பகுதி தப்பியது. அதைக் காக்கவென ஆர்வலர் போராடினர். இன்று அங்கு அருங்காட்சியகம் உண்டு. குழந்தைகள் அந்த வளைவின்மேல் நின்று அண்ணாந்து பார்க்கின்றனர்.

ஹேர்வூட்டில் பாதுகாக்கத் தளமே இல்லை. ஆகவே இங்குள்ளோர் வேறு வழி கண்டனர். 1976 இல் அமைக்கப்பட்ட கனடாப் பழங்காற் பந்தயக் கார்ச் சங்கத்தினர் அக்காலக் கார்களைத் தேடிப்பிடித்து, பழுதுபார்த்து, காட்சிக்கு நிறுத்திவைக்காமல், மோஸ்போட்டிலே ஓட்டுகின்றனர். இடம் போயிற்று, ஓசையாவது மிஞ்சட்டும் என்பது அவர்கள் கணக்குப் போலும். 1993 இல் கனடா மோட்டார் விளையாட்டுப் புகழ்மண்டபமும் நிறுவப்பட்டது. மற்றவை குடும்பங்களின் பெட்டிகளில் இருக்கின்றன: நிகழ்ச்சிநிரல்கள், நேரக் குறிப்பேடுகள், மங்கிய படங்கள்.

நம் பக்கத்திலும் ஹேர்வூட்டுக்கு உடன்பிறப்புகள் உண்டு. களுத்துறைக்கு அருகிலுள்ள கட்டுக்குருந்தவில் பிரித்தானியக் கடற்படை போர்க்காலத்தில் ‘உகுஸ்ஸா’ என்னும் விமானத் தளத்தை அமைத்தது. போருக்குப்பின் அங்கு மோட்டார் பந்தயங்கள் நடந்தன. ஆனால் என் தலைமுறைக்குக் கட்டுக்குருந்த என்றால் பந்தயமன்று, விசேட அதிரடிப்படையின் பயிற்சிக் கல்லூரியே நினைவுக்கு வரும். சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும் அப்படியொரு போர்க்கால ஓடுபாதை. 1953 இல் தொடங்கிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் பல்லாண்டு அங்கே பந்தயம் நடத்தியது. நிலம் பாதுகாப்புத் துறையினது. மோஸ்போட்காரர் போலவே அவர்களும் ஈற்றில் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த நிலம் தேடி, 1990 இல் புதிய திடலைத் திறந்தனர். புழல், கும்மிடிப்பூண்டி முகாம்களில் வாழ்ந்த நம்மவருக்குச் சோழவரம் பேருந்துப் பலகையிற் கண்ட பெயர்தான்.

பலாலியைப் பற்றி நான் அதிகம் எழுதத் தேவையில்லை. அதுவும் அதே போரின் ஓடுபாதை. அங்கே பந்தயக் கார்கள் வரவில்லை. ஓடுபாதையே வளர்ந்தது, 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபின் அவர்களின் வீடுகளும் தோட்டங்களும் வேலிக்குள் அகப்பட்டன. 2009 இன் பின்னர் படிப்படியாகக் காணிகள் விடுவிக்கப்பட்டன, அனைத்தும் அல்ல. திரும்பிச் சென்றோர் சிலர் தம் வளவின் எல்லையை அடையாளங் காணக் கிணற்றையே தேடவேண்டியிருந்தது.

கட்டுக்குருந்தப் பந்தயத்தின் படமோ, சோழவரத்து நுழைவுச்சீட்டோ, காங்கேசன்துறை வீதியில் இருந்த கடையொன்றின் பற்றுச்சீட்டோ உங்கள் பெட்டியில் கிடந்தால், அதன் பின்புறத்தில் ஆண்டையும் இடத்தையும், படமாயின் நிற்பவரின் பெயரையும் எழுதிவையுங்கள். மென்மையான பென்சிலால் எழுதுக. பேனை மை காலப்போக்கில் ஊறி முன்பக்கத்துக்கு வந்துவிடும்.