தெளிந்த நீரும் தெரியாத கிருமியும்

புங்குடுதீவு மடத்துவெளியில் நல்ல தண்ணீர்க் கிணறு என்றால் அது அயலுக்கெல்லாம் சொத்து. சுற்றிவரக் கடல்; பல கிணறுகளில் உவர்நீர். அதனால் உப்புக் கரிக்காத தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் என்று எண்ணிவிடுகிறோம். நாக்கு உப்பை அறியும், கிருமியை அறியாது. நெருப்புக்காய்ச்சல், வயிற்றோட்டம், செங்கண்மாரி ஆகியவற்றைத் தரும் கிருமிகள் கண்ணாடி போன்ற நீரிலும் இருக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாததை இனங்காண்பது எப்படி? 1952இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ், மார்ட்டின் என்னும் விஞ்ஞானிகள் வாயு நிறப்பகுப்பு என்ற முறையைக் கொண்டு கொழுப்பமிலங்களைப் பிரித்துக் காட்டினர். ஒரு கலவையை ஆவியாக்கி, வாயுவோடு நீண்ட மெல்லிய குழாயினூடாகச் செலுத்தினால், அதிலுள்ள ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நேரத்தில் வெளிவரும். பற்றீரியாவின் உடலிலுள்ள கொழுப்பமிலங்கள் இனத்துக்கு இனம் வேறுபடுவதால், அவை கைரேகை போல உதவுகின்றன. 1963இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இவ்வழியில் பற்றீரியாக்களை வகைப்படுத்தலாம் எனக் காட்டினர். வைரசுக்கோ சொந்தமாகக் கொழுப்பை ஆக்கும் ஆற்றல் இல்லை. அதை அறிய இன்று மரபணுச் சோதனையே பெரிதும் பயன்படுகிறது.

இத்தகைய கருவிகள் ஆய்வுகூடத்துக்கு உரியவை. ஆனால் கிருமி தான் உண்டாக்கும் பொருளாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்ற உண்மை, ஒரு சிறு போத்தலிலும் வேலை செய்கிறது. 1982இல் இந்தியாவின் குவாலியரில் மஞ்சாவும் அவரது சகாக்களும் எளிய சோதனையொன்றை வெளியிட்டனர். மருந்தூட்டிய கடதாசி உள்ள போத்தலில் கிணற்று நீரை விட்டு, வெப்பமான இடத்தில் ஓரிரு நாள் வைத்தால் போதும். மலத்தோடு வரும் சில பற்றீரியாக்கள் ஐதரசன் சல்பைட்டு வாயுவை உண்டாக்க, நீர் கறுக்கும். கறுத்தால் மல மாசு உண்டெனச் சந்தேகிக்க வேண்டும். கறுக்காவிட்டால் முற்றிலும் தூய்மை என்று பொருளல்ல; நிலத்தடி நீரில் இயல்பாகவே உள்ள சல்பைட்டும் கறுப்பைத் தரலாம். எனவே சந்தேகம் வந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கூறி, ஆய்வுகூடப் பரிசோதனை செய்விப்பதே முறை.

எமது நிலம் சுண்ணக்கல். அதன் வெடிப்புகள் வழியே மலசலகூடக் குழியின் கழிவு விரைவாகக் கிணற்றை அடையும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடி வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. வெடிப்புள்ள நிலத்தில் அதுவும் போதாமற் போகலாம். புதிதாகக் குழி வெட்டுவோர் அயலவரின் கிணற்றையும் பார்த்து இடம் தெரிவு செய்யட்டும். கிணற்றுக்கு உயர்ந்த கட்டும் சீமெந்துத் தளமும் அமைப்போம். மாரி வெள்ளம் கிணற்றில் புகுந்தால் இறைத்து, குளோரின் இடுவிப்போம். பரிசோதனை முடிவு வரும்வரை குழந்தைகளுக்குக் கொதித்தாறிய நீரையே கொடுப்போம்.