உஷார்! உருண்ட வண்டியின் சீட் பெல்ட்டைத் தைத்து ஓட்டாதீர்கள்

தார், ஜிம்னி, கூர்க்கா, பழைய பொலிரோ, எதுவாகவும் இருக்கட்டும். ஒருமுறை கவிழ்ந்து எழுந்த வண்டி உங்களிடம் இருந்தாலோ, அப்படி ஒன்று மலிவாக வருகிறதே என்று வாங்கப் போனாலோ, முதலில் சீட் பெல்ட்டைப் பாருங்கள். டிங்கரிங் முடிந்து பெயின்ட் பளபளக்கும். பெல்ட்டும் இழுத்தால் வரும், மாட்டினால் 'டக்'கென்று பூட்டும். அடுத்த விபத்தில் அது உங்களைப் பிடித்து நிறுத்தும் என்பதற்கு இதெல்லாம் சாட்சி ஆகாது.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இது எங்கோ நடக்கிற சங்கதி அல்ல. நம்பர் 1 டோல்கேட் தாண்டி மண்ணச்சநல்லூர், துறையூர் வழியாகப் போனால் பச்சைமலை. நாமக்கல் பக்கம் போனால் 70 கொண்டை ஊசி வளைவுகளோடு கொல்லிமலை. லீவு விட்டால் டிஎன் 48 வண்டிகள் குடும்பத்தோடு மலையேறுகின்றன. தரையிலிருந்து உயரமாக நிற்கும் இந்த வண்டிகள், சாதாரணக் காரைவிடச் சுலபமாகக் கவிழக்கூடியவை. கவிழும்போது பெல்ட் பிடிக்காதவர் வெளியே தூக்கி எறியப்படலாம். சில நேரம் அதே வண்டி அவர் மேலேயே விழுகிறது. உருளும் வண்டியில் உயிருக்கு முதல் காவல் பெல்ட்தான்.

அந்த பெல்ட் விஷயத்தில்தான் பட்டறையில் கை சுருங்குகிறது. பானெட், கதவு, கண்ணாடி எல்லாம் புதிதாக வரும். பெல்ட் கிழிந்திருந்தால் சீட் கவர் கடையில் கொடுத்துத் தைத்து வாங்குவார்கள். லாக் ஆகி நின்றுவிட்டால் காயலான் கடையிலிருந்து வேறொரு வண்டியின் பெல்ட்டைக் கொண்டுவந்து மாட்டுவார்கள். இரண்டுமே ஆபத்து.

ஏன் என்று சொல்கிறேன். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி, உள்ளே இருக்கும் 70 கிலோ ஆள் அரை மீட்டர் தூரத்துக்குள் நிற்க வேண்டும் என்றால், அவர் எடையைப் போல் சுமார் 20 மடங்கு விசை, அதாவது ஏறத்தாழ 1.4 டன், அவரைப் பிடித்து நிறுத்த வேண்டும். அதனால்தான் சர்வதேச விதிப்படி பெல்ட் நாடா குறைந்தது ஒன்றரை டன் இழுவையைத் தாங்க வேண்டும் என்று சோதிக்கிறார்கள். பாலியஸ்டர் இழைகளை நெருக்கமாக நெய்து வரும் பலம் அது. கடை மிஷினின் ஊசி அந்த இழைகளைத் துளைத்து அறுக்கிறது. பிசிறு தெரியாமல் இருக்க நெருப்பில் சுட்டால் ஓரம் உருகி இறுகிப்போகிறது. அந்தத் தையலை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. சோதனை நடக்கப்போவது உங்கள் நெஞ்சின் மேல்.

நாடா கிழியாமல் இருந்தாலும் நிம்மதி வேண்டாம். இன்றைய வண்டிகளின் முன் சீட் பெல்ட்டில் பிரிடென்ஷனர் என்ற சாதனம் இருக்கிறது. மோதலை உணர்ந்ததும் உள்ளே ஒரு சின்ன வெடிமருந்து வெடித்து, கண் இமைப்பதற்குள் பெல்ட்டை உடம்போடு இறுக்கும். வெடித்த பட்டாசு மறுபடி வெடிக்காது, அதுபோலத்தான் இதுவும். பெல்ட் சுருண்டிருக்கும் சுருள் பெட்டிக்குள் சில வண்டிகளில் ஒரு எஃகுத் தண்டும் உண்டு. பாரம் அளவுக்கு மீறினால் அது முறுக்கிக்கொண்டு நெஞ்செலும்பைக் காப்பாற்றும். ஒருமுறை முறுக்கினால் அதன் வேலையும் முடிந்தது. "ஏர்பேக்தான் வெடிக்கலையே, பெல்ட்டுக்கு என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்பவர்கள் உண்டு. பக்கவாட்டில் உருளும் வண்டியில் முன் ஏர்பேக் வெடிக்காமலே போகலாம். அதை வைத்து பெல்ட்டை எடை போடாதீர்கள்.

இதைவிடப் பெரிய மோசடி ஒன்று இருக்கிறது. ஏர்பேக், பிரிடென்ஷனர் கெட்டிருந்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். புதிய பாகம் போடாமல் அந்த ஒயரில் ஒரு ரெசிஸ்டரைச் செருகினால், எல்லாம் சரியாக இருப்பதாகக் கம்ப்யூட்டர் நம்பி விளக்கை அணைத்துவிடும். விளக்கு அணைந்திருப்பதை மட்டும் நம்பி வண்டி எடுக்காதீர்கள். பெல்ட் போடாமலே அலாரத்தை அடக்கும் கிளிப்பும் இதே ரகம்தான். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து ஆன்லைன் விற்பனை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டு, அந்தக் கிளிப் விளம்பரங்கள் 13,118-ஐ நீக்க வைத்தது. விற்க வந்த வண்டியில் அந்தக் கிளிப் இருந்தால், பழைய ஓனர் பெல்ட்டை எப்படி மதித்தார் என்பது புரிந்துவிடும்.

செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போகிறவர்கள் இதைச் செய்யுங்கள்:

1. பெல்ட்டை அடிவரை இழுத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தோளுக்கு மேல் நாடா திரும்பும் வளையத்திலும், பூட்டில் நுழையும் நாக்கிலும் பிளாஸ்டிக் வழித்தெடுத்த மாதிரி தேய்ந்திருந்தால், நாடாவில் குறுக்கே உருகிப் பளபளக்கும் கோடு இருந்தால், அந்த பெல்ட் ஏற்கெனவே ஒரு ஆளைத் தாங்கியிருக்கிறது. அதற்கு மேல் அதை நம்பக் கூடாது.

2. நாடாவின் கீழ்ப்பகுதியில் தைத்திருக்கும் லேபிளில் தயாரிப்புத் தேதி இருக்கும். ஆர்சியில் உள்ள தயாரிப்பு மாதத்தோடு ஒப்பிடுங்கள். பெல்ட் வண்டியைவிட மிகப் பழையது என்றால் வேறு வண்டியின் பெல்ட். புதியது என்றால் ஏன் மாற்றினார்கள் என்று கேட்டு, பில்லைப் பாருங்கள்.

3. வண்டி சமதளத்தில் நிற்கும்போது மெல்ல இழுத்தால் வர வேண்டும், வெடுக்கென்று இழுத்தால் பூட்ட வேண்டும், விட்டால் முழுதும் சுருண்டு போக வேண்டும். சரிவில் நிற்கும் வண்டியில் பெல்ட் பூட்டிக்கொள்வது இயல்பு. சமதளத்திலும் பூட்டியே நின்றால் கோளாறு.

4. பெல்ட் மாட்டியிருக்கும் பில்லரையும் தரை போல்ட்டையும் பாருங்கள். புது வெல்டிங், துரு, ஒரு பக்கம் மட்டும் மாறிய பெயின்ட், சாதாரணக் கடை போல்ட் இவற்றில் எது இருந்தாலும் நில்லுங்கள். சுருள் பெட்டிக்குள் பெல்ட்டைப் பூட்ட வைக்கும் குண்டு சரியாக வேலை செய்ய, அந்தப் பெட்டி குறித்த கோணத்தில் இருக்க வேண்டும். பில்லர் வளைந்தால் அந்தக் கோணமும் போயிற்று.

5. விற்பவரின் இன்ஷூரன்ஸ் பாலிசியில் நோ கிளைம் போனஸ் பாருங்கள். கிளைம் இல்லாத ஆண்டுகளுக்கு அது 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். பல வருடம் ஓட்டியவரின் பாலிசியில் பூஜ்யம் என்றால் காரணம் கேளுங்கள்.

வண்டி உங்களுடையதே, இப்போதுதான் கவிழ்ந்தது என்றால், சர்வேயர் வரும் அன்றே எல்லா பெல்ட்டையும் போட்டோ எடுத்து, மாற்ற வேண்டிய பாகங்களின் பட்டியலில் எழுதச் சொல்லுங்கள். பின் சீட்டை மறக்காதீர்கள். 2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே கார் விபத்தில் இறந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி, பின் சீட்டில் பெல்ட் அணியாமல்தான் உட்கார்ந்திருந்தார். ஏர்பேக்குக்கு சாதாரணப் பாலிசியில் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள்; அதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். ரிப்பேர் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ் கணக்கு. அப்படி ஏலத்தில் போன வண்டி ஒட்டுப்போட்டு மறுபடி சாலைக்கு வந்தால், மேலே சொன்ன ஐந்தையும் இரண்டு தடவை பாருங்கள்.

வீட்டில் நாமே கழற்றிப் பார்ப்போம் என்று இறங்காதீர்கள். வெடிக்காத பிரிடென்ஷனர் கையில் வெடிக்கலாம். அதன் ஒயரில் மீட்டர் வைப்பதும் ஆபத்து. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றிய பாகத்தின் நம்பரோடு பில் வாங்குங்கள். ஏமாற்றினார்கள் என்று தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள்.

விபத்தில் மாட்டியிருந்த பெல்ட்டை ரிப்பேர் செய்யக் கூடாது, மாற்ற வேண்டும். காலி சீட்டின் பெல்ட்டையும் சர்வீஸ் சென்டரில் கழற்றிப் பரிசோதிக்க வேண்டும். பெல்ட் போடாததற்குப் போலீஸ் போடும் அபராதம் 1,000 ரூபாய். பிடிக்காத பெல்ட்டைப் போட்டுக்கொண்டு போனால் எந்தப் போலீஸும் நிறுத்த மாட்டார். நீங்கள்தான் நிறுத்த வேண்டும். புது பெல்ட் வரும்வரை அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.