சோளகமும் ஒரு தீப்பொறியும்

ஆவணி மாதத்தில் கற்பிட்டிக்குச் சென்றவர்கள் அவ்வூர்க் காற்றை மறக்கமாட்டார்கள். ஒருபுறம் கடலும் மறுபுறம் புத்தளக் களப்பும் சூழ்ந்த அம்மணற்பரப்பின்மீது சோளகம் பகல் முழுவதும் வீசும். மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டுவதும் இதே தென்மேல் காற்றுத்தான். ஆயின், அதனை மேலேற்றிக் குளிர்விக்க மலையேதுமில்லாத கற்பிட்டியை அது வெறுமனே கடந்துவிடுகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய நாளொன்றில், அவ்வூர் நண்பர் ஒருவரின் தோட்டத்தில் நாம் தங்கியிருந்தோம். நண்பகலில் அவர் காவோலையையும் பன்னாடையையும் குவித்துத் தீ மூட்டினார். காற்றைச் சுட்டிக்காட்டி நாம் தயங்கினோம்.

"பயப்படாதீங்க மாஸ்டர், நாளும் கொளுத்துறதுதானே!" என்றார்.

காற்று ஒருமுறை சீறியது. எரியும் பன்னாடைத் துண்டொன்று பறந்து கிடுகு வேலியிற் படிந்தது. நாம் வாளியைத் தேடி எடுப்பதற்குள் பத்து முழ வேலி எரிந்துவிட்டது. அடுத்த வளவிலோ ஒரு மூதாட்டியின் ஓலைக் குடிசை! அயலவர் ஓடிவந்து வேலியைப் பிடுங்கியெறிந்து, மணலை வாரியிறைத்ததனால் அது தப்பியது. கிணற்று நீரினும் அன்று உதவியது காலடி மணலே.

நாம் கண்டது காட்டுத்தீயின் சிற்றுருவமேயாகும். காற்று தீக்கு ஒட்சிசனை ஊட்டுவதோடு, சுவாலையை முன்னே சாய்த்து, இன்னும் பற்றாத சருகையும் உலர்த்தி வைக்கின்றது; பொறிகளைத் தூக்கிச்சென்று தொலைவில் விதைக்கின்றது. மெல்லிய புல்லும் சருகும் காற்றின் ஈரத்துக்கேற்ப ஓரிரு மணி நேரத்திலேயே நனையும், காயும். விடியலில் பற்ற மறுத்த குப்பை நண்பகலில் குபீரென எரிவது இதனாலேயே. இன்னுமொன்று: வாடைக்கால மழை நன்கு பெய்தால் புல் செழிக்கும், உலர்காலத்தில் அப்புல்லே விறகாகும். நல்ல மழை கண்டு மகிழ்பவர் தீக்கு அஞ்சவும் வேண்டும்.

காற்றுத் திசை மாறுவது எத்துணைக் கொடியதென்பதை, நம்மவர் பலர் குடியேறியுள்ள மெல்பேண் நகரத்தார் அறிவர். 2009 பெப்ரவரி 7ஆந் திகதி அங்கே வெப்பம் 46.4 பாகை செல்சியசை எட்டியது. மாலையில் காற்றுத் திரும்பவே, நீண்டு கிடந்த தீயின் பக்கவாட்டு முழுவதும் முன்முகமாகிப் புதிய ஊர்களின்மேற் பாய்ந்தது. விக்டோரியா மாநிலத்தில் 173 பேர் மாண்டனர்.

நமது நாட்டில் மின்னலால் மூளும் காட்டுத்தீ மிக அரிது. பதுளைப் பகுதியின் புற்றரைகளும் பைன் தோட்டங்களும் எரிவது பெரும்பாலும் மனிதர் கையாலேயே. வெயிலையும் காற்றையும் நாம் தடுக்கவியலாது. தீக்குச்சி நம் கையிலன்றோ இருக்கின்றது? சோளகக் காலத்தில் பொச்சு மட்டையைக் கொளுத்தாது தென்னையடியிற் புதைத்தால் மண்ணின் ஈரமும் காக்கப்படும். கொளுத்தியே ஆகவேண்டுமாயின், காற்றுத் தணிந்த விடியற்காலையில், வேலிக்கு எட்டத்தில், சுற்றிலும் வெறுமணல் தெரியக் கூட்டிவிட்டு, நீரும் மணலும் அருகில் வைத்துக்கொண்டு செய்க. தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு வந்து மரநிழலில் உலைவைப்போர், புறப்படுமுன் அடுப்பில் நீர் ஊற்றிக் கிளறிப் பார்க்கவேண்டும். சாம்பலுக்கடியில் தணல் நெடுநேரம் உறங்கும்.

நண்பர் அவ்வேலியை மறுபடியும் கிடுகாலேயே அடைத்திருக்கிறார். குப்பைக் குவியல் மாத்திரம் இப்போது கிணற்றடிக்கு மாறியிருக்கின்றது.