புது கிளட்ச், பழைய சத்தம்: ஏன்?

கிளட்ச் மாற்றி மூன்றே மாதம். மறுபடி 'கிர்ர்ர்' என்று சத்தம். மட்டமான பேரிங்கைப் போட்டுவிட்டார்கள் என்று மெக்கானிக்கைத் திட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், முதலில் காதைத் தீட்டுவோம்.

வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிடுங்கள். பெடலை மிதிக்கும்போது சத்தம் எழுந்தால் சந்தேகம் ரிலீஸ் பேரிங் மேல். மிதித்ததும் சத்தம் அடங்கி, காலை எடுத்ததும் திரும்பினால் அது பெரும்பாலும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். பெடலை மிதித்தால் அந்த ஷாஃப்ட் நின்றுவிடுகிறது, சத்தமும் நின்றுவிடுகிறது.

சரி, புது ரிலீஸ் பேரிங் ஏன் சீக்கிரம் சாகிறது? பெடலை மிதிக்கும்போது மட்டும் டயஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்களை அழுத்துவதுதான் அதன் வேலை. கேபிள் வண்டிகளில் பெடலுக்குக் கொஞ்சம் 'ஃப்ரீ பிளே' விடுவது அதனால்தான். கேபிளை இறுக்கிவிட்டால் பேரிங் ஓய்வின்றிச் சுழன்று, சூடேறி, உள்ளிருக்கும் கிரீஸை இழக்கும். ஹைட்ராலிக் வண்டிகள் பலவற்றில் பேரிங் எப்போதும் லேசாகத் தொட்டபடி இருக்கும். அது வடிவமைப்பே, குறையல்ல.

கழற்றிய பேரிங்கைத் தூக்கி எறியாதீர்கள், அது சாட்சி. முகம் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் பேரிங் கோணலாக அமர்ந்திருக்கிறது: வளைந்த ஃபோர்க், தேய்ந்த வழிகாட்டிக் குழாய், அல்லது மறந்துபோன டவல் பின். நீலம் பாரித்திருந்தால் கடும் சூடு. கிரீஸே இல்லையா? மாட்டுமுன் யாரோ அதைப் பெட்ரோலில் 'சுத்தமாக' கழுவியிருக்கலாம்!